வெளிச்சம் உன் முதுகுப் பக்கம்

என் உலகு அக்காவுக்கு,

சாரல் தொடங்கிவிட்டது. நீ இருந்திருந்தால் இந்நேரம் கொடியில் கிடக்கிற ஈரத்துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, மலைப்பக்கம் திரும்பி மேகத்தைத் திட்டிக்கொண்டிருப்பாய். இப்போது துணியைத் தொட்டுப் பார்ப்பது நான்தான். திட்டத்தான் வரவில்லை.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில் போடப்போகிறேன். கோபப்படாதே. போனைத் தூக்கினாலே உள்ளங்கையை நீட்டி மறைக்கிறவள் நீ, தெரியும். ஆனால் ஊருக்குள் உன் பெயரில் ஒரு முகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது நீ இல்லை. அதை எங்கேயாவது சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்பதும் உனக்குத் தெரியும்.

அதே ஸ்டூடியோவில்தான் இருக்கிறேன். தென்காசிக் கோயிலுக்குப் போகிற ரோட்டில், அதே மூலை, அதே நாற்காலி. டிகிரி முடித்துவிட்டு நான் வீட்டில் சும்மா இருந்தபோது, கடைக் கண்ணாடியில் ‘ஆள் தேவை’ என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவள் நீதான். “ஏட்டி கோமதி, ஒனக்குன்னே செஞ்ச வேல. கம்ப்யூட்டருக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிடலாம். நீ ஊரையே பாக்கலாம், ஒன்ன ஒருத்தரும் பாக்க மாட்டாவ.”

நம் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போன பிள்ளை போட்டோக் கடைக்கா போகிறது என்று அத்தைக்கு வருத்தம். “படிச்சது கம்ப்யூட்டரு, ஒக்காரப் போறது கம்ப்யூட்டருக்கு முன்னால. வேற எங்க ஒக்காரணும், கலெக்டர் மடியிலயா?” என்று அத்தையைக் கேட்டவளும் நீதான்.

வேலையில் சேர்ந்த புதிதில் உனக்கு ஒன்றை விளக்கப் பார்த்தேன். படத்தைத் திருத்துகிறபோது திரையின் ஓரத்தில் இரண்டு கோடுகள் வரும், ஒவ்வொன்றின் மேலும் தள்ளி நகர்த்த ஒரு குமிழ். ஒன்று பிரைட்னஸ், மற்றது கான்ட்ராஸ்ட். பிரைட்னஸை வலது பக்கம் தள்ளினால் எல்லாமே சேர்ந்து வெளுக்கும். முகம் மட்டும் இல்லை, கூந்தலும் சாம்பலாகும், பின்னால் இருக்கிற நிழலும் சாம்பலாகும். ஆள் மேகத்துக்குள் நிற்கிற மாதிரி ஆகிவிடும். அதைச் சரிசெய்யக் கான்ட்ராஸ்டை ஏற்றுவோம். அது வெளுத்ததை இன்னும் வெளுக்கவைக்கும், கறுத்ததை இன்னும் கறுக்கவைக்கும். நடுவில் உள்ளதெல்லாம் ஏதாவது ஒரு பக்கம் ஒதுங்க வேண்டியதுதான்.

நீ கேட்டாய்: “அப்பொ நம்ம மூஞ்சியெல்லாம் எங்கன இருக்கு?”

“நடுவுல.”

“டவுன் பஸ்ஸுல நடுவுல நிக்கவ கதிதான்னு சொல்லு. முன்னால உள்ளவளும் தள்ளுதா, பின்னால உள்ளவளும் தள்ளுதா.”

அன்றைக்குச் சிரித்தேன். பிறகு ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் வந்து என் மேஜைக்கு முன்னால் குனிந்து, “பாப்பா, கொஞ்சம் கலர் ஏத்திரு” என்று சொல்லும்போதெல்லாம் அந்த டவுன் பஸ்தான் ஞாபகம் வரும். பாஸ்போர்ட் படத்துக்கும் அதுதான், கல்யாண ஆல்பத்துக்கும் அதுதான், மாலை போடுகிற படத்துக்கும் அதுதான். கடை அண்ணாச்சி அதை ஒரே பொத்தானில் அடக்கி வைத்திருக்கிறார். அழுத்தினால் முகம் மட்டும் தனியாக வெளுத்து, வழுவழுப்பாகி வந்துவிடும். அதற்குக் கடைக்குள் ‘பவுடர்’ என்று பெயர். “இதுக்குப் பவுடர் போட்டாச்சா?” என்பார். யாரும் கேட்காமலேயே என் விரல் அந்தப் பொத்தானுக்குப் போக ஆரம்பித்து வெகு நாளாகிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட எடுத்த உன் கல்யாணப் போட்டோவும் நம் கடையில் எடுத்ததுதான், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால். பச்சைச் சேலை, ஓரமாகத் திரும்பிய முகம், பவுடர். அண்ணாச்சிக்கு அது ஞாபகமே இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்கு எத்தனையோ முகங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தான்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் செங்கோட்டைப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நீ காப்பித் தட்டோடு நின்றாய். மாப்பிள்ளையின் அம்மா உன்னைப் பார்த்தாள், மடியிலிருந்த போனைப் பார்த்தாள், திரும்பவும் உன்னைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மெதுவாகச் சொன்னது கேட்காமல் போகிற அளவுக்கு நம் வீடு பெரிது இல்லையே.

“போட்டோல வேற கலரால்லா இருந்துச்சு.”

அவர்கள் போனபிறகு அத்தை மூக்கைச் சிந்தினாள். அம்மா பீடித்தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டாமல் வெறுமனே கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீதான் தம்ளர்களை அடுக்கிக்கொண்டே சொன்னாய்: “துணிய வாசலுக்குக் கொண்டு போயிப் பாக்காம எடுத்தா இப்படித்தான். மாத்தித் தர முடியாதுன்னு போர்டு மாட்டிருக்கணும்.”

எல்லாரும் சிரித்துவிட்டோம். நீ வேலை பார்த்த மேட்சிங் சென்டரில் நாள் முழுக்க நீ சொல்கிறது அதுதானே. சேலையைக் கொண்டுவந்து பிளவுஸ் துணி கேட்கிறவர்களிடம், “டியூப் லைட்டுல பாக்காதிய மதினி, அது பொய் சொல்லும். இங்கன வாசலுக்கு வாங்க” என்று இரண்டு துணியையும் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிடுவாய். துணியைச் சேலையின் மேல் படியவைத்து, ஓரம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை விடமாட்டாய்.

அன்றைக்கு நீதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். கழுவிக் கவிழ்த்த தம்ளர்களை நீ திரும்பவும் எடுத்துக் கழுவியதை நான் மட்டும் பார்த்தேன். அதற்குப் பிறகு, ஒன்றே ஒன்றைத் தவிர, எந்தப் படத்திலும் நீ நிற்கவில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. முதலில் சும்மா காய்ச்சல் என்றார்கள், அப்புறம் மஞ்சள்காமாலை என்றார்கள், அப்புறம் ஈரல் என்றார்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உன் கண்ணும் நகமும் உள்ளங்கையும் மஞ்சளாகிக் கிடந்தன. நான் போர்வையைச் சரிசெய்தபோது கையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாய். “பாத்தியா, இப்பொ நல்லாக் கலர் ஏறிருக்கு. இப்பொ வரச் சொல்லு அந்தச் செங்கோட்டைக்காரியள.” நீ என்னிடம் முழுசாகப் பேசிய கடைசிப் பேச்சு அது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, அக்கா? சிரிப்பதா?

நீ போன அன்று சொந்தக்காரப் பையன்கள் ‘கண்ணீர் அஞ்சலி’ பிளெக்ஸ் அடிக்கக் கேட்டார்கள். வீட்டில் கைக்குக் கிடைத்தது கல்யாணப் போட்டோதான். பிளெக்ஸ் கடைக்காரர் தன் பங்குக்கு இன்னும் ஒரு சுற்று வெளுக்க வைத்தார். குத்துக்கல்வலசை விலக்கில் ஆளுயரத்துக்கு ஒருத்தி நின்றாள். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். “யாருட்டி இந்தப் பிள்ள? நம்ம ஏரியா மாதிரியே தெரியலயே.” நான் பக்கத்தில்தான் நின்றேன். என் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வரவில்லை.

பிளெக்ஸை அவிழ்த்தபிறகு பக்கத்துத் தெருக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டுபோய்த் தன் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டார். தப்பாக நினைத்துச் செய்யவில்லை, எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் நான் பஸ்ஸுக்குப் போகிற வழி அது. காலையில் போகும்போதும் சாயங்காலம் வரும்போதும் மூங்கில் கழிகளுக்கு மேல் ஒருத்தி மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெயிலில் அந்த முகம் மேலும் வெளுத்தது. மூக்கு போனது, உதடு போனது. கடைசியில் பொட்டும் இரண்டு கண்ணும் மட்டும் மிச்சம். மழை பெய்தால் அந்தக் கண்ணில் தண்ணீர் கட்டி நிற்கும்.

மஞ்சளாக ஒரு முகம், வெள்ளையாக ஒரு முகம். இரண்டுக்கும் நடுவில் இருந்த உன் சொந்த முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை, அக்கா. தினமும் பக்கத்தில் படுத்துத் தூங்கியவளின் நிறம் எனக்கு மறந்துபோயிருந்தது. கண்ணை மூடினால் அந்த இரண்டு பேரும்தான் வருவார்கள், நீ வரமாட்டாய்.

வருஷத் திதி நெருங்கியது. கல்யாணமாகாமல் போன பிள்ளையை நம்மிடம் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்களே, அதற்கு அம்மா ஏற்பாடு செய்ய ஆரம்பித்தாள். புதுச் சேலை, வளையல், பூ, விளக்கு, நடுவில் உன் படம். அம்மா உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அத்தை அந்தக் கல்யாணப் போட்டோவையே பெரிதாக்கி மாட்டச் சொன்னாள். “அதுலதான் மதினி அவ லெச்சணமா இருக்கா.”

அம்மா மாட்டேனென்றாள். “அது அவ மூஞ்சி இல்ல. வேற மூஞ்சிய வச்சுக் கூப்பிட்டா, வேற எவளோல்லா வருவா.”

அந்த வேறு எவளோ ஏற்கெனவே வந்துவிட்டாள், ஆட்டுக் கொட்டகை மேல் படுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

உன்னைத் தேட ஆரம்பித்தேன். சொந்தக்காரர்கள் போன், உன் கடைத் தோழிகள் போன், பெரியப்பா மகள் கல்யாண வீடியோ எல்லாவற்றிலும். நீ இருந்தாய், எல்லாவற்றிலும் பாதியாக. ஒரு படத்தில் முழங்கை. ஒன்றில் தூணுக்குப் பின்னால் பின்னலின் நுனி. காதுகுத்து வீட்டுப் படத்தில் குழந்தையைப் பிடித்திருக்கிற கை மட்டும் உன்னுடையது. வீடியோவில் உன் முதுகு பந்திக்கு நடுவில் வாளியோடு போகிறது. கேமரா கிட்டே வந்ததும் ஓர் உள்ளங்கை திரையை மூடுகிறது. “அங்கிட்டுப் போலே, எடுக்காத.” அந்தக் குரலை நான் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். கடையில் அண்ணாச்சி, “என்னம்மா, வீடியோ சிக்கிக்கிட்டா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரு படம்தான் முழுசாகக் கிடைத்தது. என் பழைய போனின் மெமரி கார்டில், ஐந்தருவியில் எடுத்தது.

நினைவிருக்கிறதா? முதல் சம்பளத்தில் நான் போன் வாங்கிய சமயம். அப்பா சீசனுக்குக் குற்றாலத்தில் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சோறு கொண்டுபோன கையோடு நாம் இரண்டு பேரும் ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு நீ தலையில் துண்டோடு மரத்தடியில் நின்றாய். ஒரு குரங்கு வந்து என் கையிலிருந்த பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் பயந்துகொண்டேதான் போனைத் தூக்கினேன். உன் கை மறைக்க வரவில்லை. திரும்பி உனக்குப் பின்னால் இருந்த அருவியைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

“எடு, எடு. வெளிச்சம் முதுகுப் பக்கம்லா இருக்கு. ஒண்ணுந் தெரியாது.”

நீ சொன்னது சரிதான். படத்தில் பின்னால் அருவி வெள்ளை வெளேரென்று எரிகிறது. அதற்கு முன்னால் ஒரு கறுத்த உருவம். துண்டு தெரிகிறது, தோள் தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி.

கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரங்களில் அதைத் திறந்து வைத்துக்கொள்வேன். முதலில் பிரைட்னஸைத் தள்ளினேன். அருவி காகிதம் மாதிரி வெளுத்து, மரத்தைத் தின்று, உன் தோளைத் தின்ன ஆரம்பித்தது. குழி சாம்பலானது. சாம்பலுக்குள் ஏதோ இருந்தது. தெளிவாகட்டும் என்று கான்ட்ராஸ்டை ஏற்றினேன், உடனே குழி மூடிக்கொண்டது. இறக்கினேன், புகை மாதிரி மேலே வந்தாய். ஏற்றினேன், போய்விட்டாய். என் விரலுக்குக் கீழே நீ வருவதும் போவதுமாக இருந்தாய். உன்னை நான்தான் அனுப்புகிறேனா என்று பயமாக இருந்தது.

பிறகு முழுப்படத்தையும் ஏற்றுவதை விட்டேன். அருவியை அப்படியே வைத்துவிட்டு, முகத்தை மட்டும் சுற்றி வரைந்து எடுத்து, மிகக் கொஞ்சமாக வெளிச்சத்தை ஏற்றினேன். கொஞ்சம் ஏற்றுவேன், நிறுத்துவேன், பார்ப்பேன். முதலில் நெற்றியில் ஈரம் தெரிந்தது. அப்புறம் பல். முன்பல் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. பவுடர் போட்டபோது அண்ணாச்சி அதையும் அடைத்திருந்தார், உனக்குத் தெரியுமா? கடைசியில் கண்.

நீ நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஒளிந்துகொண்டோம் என்று நம்பித்தானே அன்றைக்கு நின்றாய்? ஒன்றும் தெரியாது என்ற தைரியத்தில்தானே அப்படிச் சிரித்தாய்? அந்த நிழலுக்குள்ளிருந்து உன்னை இப்படி இழுத்துக்கொண்டு வருவது சரியா? கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ சிரிப்பதை நிறுத்தவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொண்டேன். எனக்கு வேறு வழி இல்லை. வேலையை முடித்து, பெரிய பிரிண்டுக்காகத் திருநெல்வேலி லேபுக்கு அனுப்பினேன்.

பஸ் பார்சலில் பிரிண்ட் வந்தது. வீட்டில் அம்மாதான் உறையைப் பிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தாள்.

“யாருட்டி இது?”

எட்டிப் பார்த்தேன். அருவி அதே அருவி, துண்டு அதே துண்டு. நடுவில் அந்த வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். பல்லின் இடைவெளி இல்லை.

லேபுக்குப் போன் போட்டேன். அங்கே பிரிண்ட் பார்க்கிற அண்ணன் சந்தோஷமாகப் பேசினார். “பாத்தீங்களா தங்கச்சி? படம் ரொம்ப டல்லா இருந்துச்சு. மாலை போடுத படம்னு அண்ணாச்சி சொன்னாவ. பாவம், வயசுப் பிள்ளன்னு நானே ஒக்காந்து ஏத்தி விட்டேன். சார்ஜ் ஒண்ணும் இல்ல.”

நன்றி அண்ணே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இத்தனை நாளும் நான் மற்றவர்களின் அக்காமார்களுக்குச் செய்ததைத்தான் அவர் என் அக்காவுக்குச் செய்திருக்கிறார், அதுவும் அன்பாக.

அம்மா பிரிண்டைக் கவிழ்த்து அரிசி டிரம் மேல் வைத்தாள். “ஒங்க கடைக்கு நான் வரலாமாட்டி?”

“எதுக்கும்மா?”

“நீ மறந்துட்ட. நான் மறக்கல.”

நான் மறந்ததை அவளிடம் சொன்னதே இல்லை. எப்படித் தெரிந்தது?

மறுநாள் அம்மா வந்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஸ்டூடியோவின் பெரிய விளக்குக் குடைகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து என் பக்கத்தில் நின்றாள். அண்ணாச்சி, “ஒக்காருங்கக்கா” என்றார். “இருக்கட்டும் அண்ணாச்சி, ஒக்காந்தா தெரியாது” என்று சொல்லிவிட்டு, முழங்கை வரைக்கும் ஜாக்கெட் கையை ஏற்றி, மானிட்டரை ஒட்டினாற்போலத் தன் கையை நீட்டினாள்.

“அவ என் கலரு. பெத்தன்னைக்கே ஆஸ்பத்திரியில ஆயா சொன்னா, தாயி கலரை அப்படியே உரிச்சிட்டு வந்திருக்குன்னு. என் கையப் பாத்து வை.”

நான் குமிழைப் பிடித்தேன். திரையில் உன் கன்னம், பக்கத்தில் அம்மாவின் கை.

“கூட. கொறை. இன்னுங் கொஞ்சம் கொறைட்டி, ஏன் கஞ்சத்தனம் பண்ணுத? ஆங்... அய்யோ, போயிட்டா. திருப்பிக் கொண்டா.”

அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. “அக்கா, இம்புட்டு இறக்குனா பிரிண்டுல கறுப்பா விழும்.”

“கறுப்பாத்தான அண்ணாச்சி இருந்தா.”

அவர் லென்ஸ் துடைக்கப் போய்விட்டார். ஆனால் போன வேகத்தில் திரும்பி வந்து, “கையில எந்தப் பக்கம் வச்சுப் பாக்கிய? வெளிப்பக்கம் வெயில் பட்டதுல்லா?” என்று கேட்டார். அம்மா கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“கடைக்குள்ள நின்னவதான, உள்பக்கம் வைட்டி.”

“அவ எங்கம்மா உள்ள நின்னா? துணியத் தூக்கிக்கிட்டு வாசலுக்கும் உள்ளுக்கும் அலைஞ்சிக்கிட்டே இருப்பா” என்றேன். கடையில், அண்ணாச்சிக்கு முன்னால், நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அம்மா யோசித்தாள். கையைப் பக்கவாட்டில் திருப்பினாள், வெயில் பட்ட தோலும் படாத தோலும் சேர்கிற ஓரம் தெரிகிற மாதிரி. “அப்பொ ரெண்டுக்கும் நடுவுல.”

நகர்த்தினேன். நகர்த்தினேன். ஓரிடத்தில் அம்மாவின் கை எங்கே முடிகிறது, உன் கன்னம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. கூட, கொறை என்று சொல்வதை நிறுத்தியிருந்தாள்.

எனக்கு நீ வந்துவிட்டாய். அவ்வளவு நாளும் கண்ணை மூடினால் வராதவள், கண்ணைத் திறந்துகொண்டிருக்கும்போதே வந்துவிட்டாய். மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை.

லேபுக்கு அனுப்பவில்லை. கடையிலிருக்கிற சின்னப் பிரிண்டரில் எடுத்தோம். அண்ணாச்சியே தாளை எடுத்துக் கொடுத்தார். டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்தபோது பச்சையடித்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். சாரல் விட்டிருந்த நேரம். மேகம் மூடி, எங்கும் ஒரே சீரான வெளிச்சம். கோயில் பக்கமிருந்து அடித்த காற்றில் தாள் படபடத்தது. அம்மா ஒரு கையால் அதை நீவி, மறு கையை அதன் பக்கத்தில் வைத்தாள். பிளவுஸ் துணியைச் சேலைமேல் நீ வைப்பாயே, அதேமாதிரி. தெருவில் போன ஒரு பெண் நின்று பார்த்துவிட்டு, “மகளா?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றாள் அம்மா. உன் படத்தைப் பார்த்து உன்னை எங்கள் வீட்டுப் பிள்ளை என்று யாரோ ஒருத்தி சொன்னாள், அக்கா.

திதியன்று உன் கடைத் தோழிகள்தான் பிளவுஸ் துணி பொருத்திக்கொண்டு வந்தார்கள். அரக்குச் சேலைக்கு அரக்கு, ஓரம் தெரியாத அரக்கு. விளக்கேற்றி, படத்துக்குப் பூப் போட்டோம். அத்தை கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள்.

“படம் இருட்டா இருக்கே, மதினி. கோமதி அந்த வேலைதான பாக்கா, கொஞ்சம் ஏத்தச் சொல்லிருக்கலாம்லா?”

“இருட்டு இல்ல. அவ கலரு அது.”

சொல்லிவிட்டு அம்மா படத்துக்கு முன்னால் கைகூப்பினாள். கண்ணை மூடி, “உலகு, வா தாயி” என்று கூப்பிட்டாள். கதவு கொஞ்சம் திறந்து மூடியது. சாரல் காற்றுக்குத்தான் திறந்தது, எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். வந்தாயா?

இன்னொரு செய்தி. அந்தப் பிளெக்ஸில் இப்போது முகம் இல்லை. ஒரு நாள் காலையில் அது வெறும் வெள்ளையாகக் கிடந்தது. மழை அழித்துவிட்டது என்று நினைத்தேன். ஆட்டுக்காரர்தான் சொன்னார்: “ஒங்கப்பா வந்து திருப்பிப் போட்டுட்டுப் போனாவ. எனக்கு ஒரு பாக்கெட் சிப்ஸ் குடுத்தாவ.” ஆகவே அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், ஆடுகளைப் பார்த்துக் குப்புறப் படுத்துக்கொண்டு. போகும்போது பார்க்காமல் போகப் பழகிக்கொண்டிருக்கிறேன். முழுசாக முடியவில்லை.

கும்பிட்டு முடிந்து இலை போடும்போதே அத்தை ஆரம்பித்துவிட்டாள். “அடுத்து இவளுக்கு ஒரு போட்டோ எடுக்கணும். பண்பொழில ஒரு எடம் இருக்கு, பையன் போலீஸு. நல்லாப் பளிச்சுனு எடுத்துக் குடு, என்ன?”

நேற்று எடுத்தேன். கடை வாசலில், மேக வெளிச்சத்தில் நின்றேன். அண்ணாச்சிதான் எடுத்தார். படத்தைத் திரையில் திறந்ததும் என் விரல் தானாகப் பவுடர் பொத்தானுக்குப் போனது. பொத்தான் மேல் கொஞ்சநேரம் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அழுத்தினால் என்ன என்றுகூட நினைத்தேன். காப்பித் தட்டோடு நிற்கப்போவது இந்தத் தடவை நானல்லவா? அப்புறம் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கடை சாத்தும்போது மானிட்டரை அணைப்பேன். கறுத்த கண்ணாடியில் ஒரு முகம் நிற்கும். நான்தான், தெரியும். ஆனால் அந்த இருட்டில் அது நீயாகவும் இருக்கும். முன்பெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது நின்று பார்க்கிறேன். எதையும் ஏற்றுவதில்லை, எதையும் இறக்குவதில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. என் படம் எடுத்தபடியேதான் பண்பொழிக்குப் போகும். வருகிறவர்கள் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கட்டும். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அப்படியும் வேண்டாமென்று எழுந்து போனால், தம்ளர்களை ஒரு தடவைதான் கழுவுவேன்.

உன் முதுகுக்குப் பின்னால் அருவி எரியும்போது எதிரில் நின்றவள்,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
கோமதி